அமுக்கிய வளியில் சுரங்க வேலை: பாதுகாப்பு விதியிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு விலக்களிப்பது எப்படி நியாயமாகும்?

கேள்வி: தலவாக்கலை வாசகி

வணக்கம். கட்டுமானத் துறைப் பாதுகாப்பு உத்தியோகத்தருக்கான பாடநெறியொன்றை நான் பயின்று வருகிறேன். என் தம்பி சிங்கப்பூரில் நிலத்தடிச் சுரங்கம் அமைக்கும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குத் தெரிவாகியிருப்பதால், அந்த வேலையைப் பற்றி வகுப்பில் கிடைக்கும் எதையும் வழக்கத்தைவிடக் கவனமாகப் படிக்கிறேன்.

அண்மையில் கிடைத்த பாடக்குறிப்பொன்றில், ஓஷா எனப்படும் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிருவாகத்தின் விதியொன்று விளக்கப்பட்டிருந்தது. அமுக்கிய வளியில் நடைபெறும் கட்டுமான வேலையில், அவசர நிலை தவிர்ந்த வேறெந்தச் சந்தர்ப்பத்திலும், வளிமண்டல அமுக்கத்துக்கு மேலாகச் சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தலைத் தாண்டிய அமுக்கத்துக்கு எவரையும் உட்படுத்தக் கூடாது என்று அவ்விதி கூறுகிறது. ஆனால் அடுத்த பக்கத்திலேயே, சில நிறுவனங்கள் விண்ணப்பித்து, அந்த எல்லையைத் தாண்டி வேலை செய்வதற்கும், வேலை முடிந்து வெளியே வருகையில் அமுக்கத்தை எவ்வளவு மெதுவாகக் குறைக்க வேண்டும் என்று கூறும், விதியில் உள்ள அமுக்கக் குறைப்பு அட்டவணைகளைக் கைவிட்டு வேறு அட்டவணைகளைப் பயன்படுத்துவதற்கும் அதே நிருவாகத்திடம் அனுமதி பெற்றிருப்பதாக எழுதப்பட்டிருந்தது.

உயிரைக் காக்க எழுதப்பட்ட எல்லையை, அதை எழுதியவர்களே ஒரு நிறுவனத்துக்காக எப்படித் தளர்த்தலாம்? தோட்டத்தில் மருந்தடிக்கும் தொழிலாளிக்குக் கையுறையும் முகமூடியும் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தும், "இந்த ஒரு முறை மட்டும்" என்று சொல்லி வெறுங்கையோடு மலைக்கு அனுப்பியதை எங்கள் வீட்டிலேயே கண்டிருக்கிறோம். அதனால் விலக்கு என்றதும் அது யாருடைய நன்மைக்கு என்ற ஐயமே எனக்கு முதலில் எழுகிறது. விடயம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: சுரங்கப் பொறியியலாளர், கம்பளை

தங்கைக்கு வணக்கம். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தில் சில காலமும், அதன் பின்னர் வெளிநாட்டில் டி.பி.எம். எனப்படும் சுரங்கம் துளைக்கும் இயந்திரங்களோடு நெடுங்காலமும் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அத்திட்டத்துக்காகத் தலவாக்கலைக்குக் கீழே ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளத்துக்குக் குடையப்பட்ட சுரங்கத்திலும் கொம்பிரசர் இருந்தது, குழாய்களில் அமுக்கிய வளியும் ஓடியது. அந்த வளி துளையிடும் கருவிகளை இயக்குவதற்கானது; மனிதர்கள் சாதாரண வளியிலேயே நின்று வேலை செய்தார்கள். நம் மலைகளில் இருப்பது கடினமான பாறை என்பதால், அது பெரும்பாலும் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். ஆழப் பாறையில் நீர் பீறிட்டால் அதன் அமுக்கம் மனித உடல் தாங்கக்கூடிய அளவையெல்லாம் கடந்து நிற்கும் என்பதால், சீமெந்துக் கலவையைச் செலுத்தி அடைப்பதும் உள்ளுறை அமைப்பதுமே வழியாகும். உமா ஓயாச் சுரங்கத்தில் 2014 டிசெம்பரில் நீர் உட்புகுந்து, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றி வீடுகள் வெடிப்புக் கண்டது அத்தகைய பாறைச் சுரங்கத்தின் பிரச்சினை. தங்கை கேட்பது வேறு நிலத்தைப் பற்றியது.

ஆற்றுக்கும் துறைமுகத்துக்கும் அடியில், சேறும் மணலும் நீரும் கலந்த மென்னிலத்தில் துளைக்கும்போது, இயந்திரத்தின் வெட்டுத்தலைக்குப் பின்னால் உள்ள அறை பென்டனைற்று என்ற களிமண் கலந்த சேற்றுக்கலவையால் நிரம்பியிருக்கும். அதன் அமுக்கமே முன்னால் உள்ள மண் சரியாமல் தாங்குகிறது. வெட்டுத்தலையில் உள்ள கட்டர்கள் தேய்ந்துவிட்டால் யாராவது உள்ளே சென்று மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போது சேற்றுக்கலவையின் மட்டத்தை இறக்கி, அந்த இடத்தில் அமுக்கிய வளியைச் செலுத்தி மண்ணையும் நீரையும் பிடித்து வைத்துவிட்டு, மேன்லொக் எனப்படும் இரட்டைக் கதவு அறையின் வழியாகச் சிலர் உள்ளே போகிறார்கள். பத்து மீற்றர் ஆழ நீருக்கு ஏறத்தாழ ஒரு பார் (அமுக்கத்தை அளக்கும் அலகு) அமுக்கம் தேவை. 50 இறாத்தல் என்பது ஏறத்தாழ 3.4 பார் ஆகையால், நீர்மட்டத்திலிருந்து 34 மீற்றருக்குக் கீழே போகும் சுரங்கத்தில் அந்த எல்லைக்குள் நின்று கட்டர் மாற்ற இயலாது. வளியமுக்கத்தைக் குறைத்தால் மண்ணும் நீரும் உள்ளே நிற்பவர்கள் மேல் வந்து விழும். எல்லையைக் கடைப்பிடிப்பதே ஆட்களைக் கொல்லும் நிலை அது.

அந்த விதி 1970களின் தொடக்கத்தில், அதற்கும் முந்திய அனுபவத்தை வைத்து எழுதப்பட்டது. அக்காலத்தில் சுரங்கம் முழுவதையும் அமுக்கிய வளியால் நிரப்பி, பெருந்தொகையானோர் ஒரு முழு ஷிப்ற்றுக்கும் உள்ளே நின்று மண் வெட்டினார்கள். ஆகவே, அமுக்கக் குறைப்பு 75 நிமிடங்களுக்கு மேற்பட்டால் ஷிப்ற்றில் இருந்த அத்தனை பேரும் தங்கக்கூடிய தனி அறையொன்று வேண்டும் என்றும், குறைப்பைத் தானியங்கிக் கருவியே கட்டுப்படுத்த வேண்டும் என்றும் அதில் உண்டு. இன்றைய இயந்திரத்தில் உள்ளே போவது ஒரு சிறு குழு மட்டுமே; இயந்திரத்தின் உடலுக்குள் அவ்வளவு பெரிய அறைக்கு இடமும் இல்லை. நியூயோர்க் துறைமுகத்துக்கு அடியில் புறூக்ளினையும் ஸ்ரேற்றன் தீவையும் இணைக்கும் நீர்க்குழாய்ச் சுரங்கத்துக்கு 2014இலும், வொஷிங்டனில் புளூ பிளெயின்ஸ் கழிவுநீர்ச் சுரங்கத்துக்கு 2015இலும் ஓஷா அனுமதி வழங்கியது இந்தக் காரணங்களை ஏற்றுக்கொண்டுதான்.

அனுமதிப் பத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது விதியை விட நீளமானது என்பது தெரியும். நீக்கப்பட்ட ஒவ்வொரு பிரிவுக்கும் பதிலாக நிபந்தனைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். எந்த அமுக்கத்துக்கு எத்தனை நிமிடம், யார் மேன்லொக்கை இயக்குவது, அவருக்கு என்ன பயிற்சி, எந்த வைத்தியர் பொறுப்பு என்பன எல்லாம் எழுதப்பட்ட செயற்பாட்டுக் கையேடு இருக்க வேண்டும். அமுக்கம் காரணமாகப் பதிவுக்குரிய எந்தப் பாதிப்பு ஏற்பட்டாலும் 8 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். அந்த அனுமதி குறிப்பிட்ட அந்தத் திட்டத்துக்கு மட்டுமே உரியது. தோட்டத்தில் வாய்ச்சொல்லால் கொடுக்கப்பட்ட விலக்கையும் இதையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

தலவாக்கலை வாசகி

மிக்க நன்றி ஐயா. எல்லையை ஏன் தாண்ட வேண்டியுள்ளது என்பது இப்போது விளங்குகிறது. ஆனால் அட்டவணையை ஏன் மாற்ற வேண்டும் என்பது விளங்கவில்லை. தானியங்கிக் கருவி தொடர்ச்சியாகச் சீராக அமுக்கத்தைக் குறைப்பதை விட, பாடக்குறிப்பில் உள்ளபடி ஒரு மனிதரின் கை வால்வைத் திருப்புவது எந்த வகையில் பாதுகாப்பானது? இதிலாவது செலவுக் குறைப்பு ஒளிந்திருக்கவில்லையா?

பதில்: வைத்தியர், நுவரெலியா மாவட்டம்

இந்தக் கேள்விக்கான விடை பெரிதும் மருத்துவம் சார்ந்தது என்பதால் நான் எழுதுகிறேன்.

உயர்ந்த அமுக்கத்தில் மூச்சு விடும்போது, வளியில் உள்ள நைதரசன் வழமையைவிடக் கூடுதலாகக் குருதியிலும், அங்கிருந்து தசை, கொழுப்பு, மூட்டு, என்பு ஆகியவற்றிலும் கரைகிறது. இருக்கும் நேரம் நீள நீள, கரைந்த அளவும் கூடுகிறது. வெளியே வரும்போது அமுக்கத்தை மெதுவாகக் குறைத்தால் அது நுரையீரல் வழியாகவே வெளியேறிவிடும். அவசரப்பட்டால் திசுக்களுக்குள்ளேயே குமிழாக மாறி, மூட்டு வலி முதல் முள்ளந்தண்டுப் பாதிப்பால் ஏற்படும் கால் செயலிழப்பு, மரணம் வரை கொண்டுபோய் விடும். சென் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றுக்குப் பாலம் கட்டிய காலத்தில், 1870ஐ ஒட்டி, பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் அமுக்கக் குறைப்பு நோய் எனப்படும் இந்த நோயால் இறந்தனர். நியூயோர்க்கின் புறூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியியலாளர் வொஷிங்டன் றோப்ளிங் 1872இல் இதே நோயால் முடங்கினார். குமிழ்தான் காரணம் என்பதைப் பிரெஞ்சு உடலியலாளர் போல் பேர் 1878இல் நிறுவினார். படிப்படியாக அமுக்கம் குறைக்கும் அட்டவணையை ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஹோல்டேன் 1908இல் வெளியிட்டார்.

ஓஷா விதியின் பின்னிணைப்பில் உள்ள அட்டவணைகள் சாதாரண வளியையே சுவாசித்துக்கொண்டு வெளியே வருவதற்கானவை. அவற்றைப் பின்பற்றி வெளியே வந்தவர்களிடத்திலும், பின்னர் எடுக்கப்பட்ட எக்ஸ்ரே படங்களில், தோள், தொடை மூட்டை ஒட்டிய என்புப் பகுதி உயிரிழந்து போயிருப்பது காணப்பட்டது. வேலையிடத்தில் ஒரு நாளும் வலி என்று சொல்லாதவருக்கும் இது வரலாம். மாதங்களோ வருடங்களோ கழித்து மூட்டு நொறுங்கும்போதுதான் தெரியவரும். ஆகவே அந்தப் பழைய அட்டவணையை அப்படியே பின்பற்றச் சொல்வது, சட்டத்துக்கு அமைவாகத் தொழிலாளியின் இடுப்பைப் பாழாக்குவதாகும்.

அனுமதி பெற்ற திட்டங்கள் கையாள்வது 1992ஆம் ஆண்டின் பிரெஞ்சு அட்டவணைகளை. இவற்றில் அமுக்கத்தைக் கட்டம் கட்டமாக இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி, முகமூடி வழியாகத் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்கிறார்கள். உட்சுவாசத்தில் நைதரசன் இல்லாதபோது உடலில் உள்ள நைதரசன் மிக விரைவாக வெளியேறுகிறது. கட்டம் கட்டமாக நிறுத்துவதால், இடையறாது சீராகக் குறைக்கும் தானியங்கிக் கருவி இதற்குப் பொருந்தாது. பயிற்சி பெற்ற ஒருவர் கடிகாரத்தையும் அமுக்கமானியையும் பார்த்தபடி, உள்ளே இருப்பவர்களோடு பேசிக்கொண்டே இறக்க வேண்டியிருக்கிறது. உள்ளே ஒருவருக்குக் காது வலித்தாலோ முகம் துடித்தாலோ அதைக் கண்டு அந்தக் கணத்திலேயே நிறுத்தக்கூடியவர் அவர்தான். ஒட்சிசனுக்கும் அதற்கே உரிய ஆபத்துகள் உண்டு: அளவு மிஞ்சினால் வலிப்பு வரும் என்பதால் இடையிடையே சாதாரண வளி கொடுக்க வேண்டும்; அறைக்குள் ஒட்சிசன் தேங்கினால் சிறு பொறியும் பெருந்தீயாகும் என்பதால், வெளிவிடும் மூச்சைக் குழாய் வழியாக அறைக்கு வெளியே அனுப்ப வேண்டும். பிரித்தானியாவிலும் 2001 முதல் ஒரு பாருக்கு மேற்பட்ட வேலைகளில் ஒட்சிசன் மூலமான அமுக்கக் குறைப்பே கோரப்படுகிறது. எனவே இந்த மாற்றத்தை மருத்துவ நோக்கில் நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

இனி தங்கை கேட்காத ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அட்டவணைகள் எல்லாம் கடல்மட்டத்தை ஒட்டிய இடத்துக்குத் திரும்பி வருவதாகக் கொண்டு கணிக்கப்பட்டவை. விமானத்தினுள் அமுக்கம் 2,400 மீற்றர் உயரத்துக்குச் சமமான அளவு வரை குறையலாம். நுவரெலியா நகரமே 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு மட்டுமே. தலவாக்கலையும் ஹட்டனும் பண்டாரவளையும் ஏறத்தாழ 1,200 மீற்றருக்கு மேல் உள்ளவை. அமுக்கிய வளியில் வேலை முடித்து அதே நாளில் விமானம் ஏறி, கட்டுநாயக்கவில் இறங்கி, அங்கிருந்து வான் வண்டியில் கண்டி வழியாக றம்பொடைக் கணவாய் ஏறி வீட்டுக்கு வருபவர், தன் உடலுக்கு இரண்டு முறை அமுக்கக் குறைப்புச் செய்கிறார். அந்த இரண்டும் எந்த அட்டவணையிலும் இல்லை. கட்ட நிறுத்தங்களோடு வெளியேறிய சுழியோடிகள் விமானம் ஏறுவதற்கு 18 மணி நேரத்தை விடக் கணிசமான அளவு கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்பது சுழியோட்ட மருத்துவத்தின் அறிவுரை. விடுமுறைக்கு முன்னைய நாள்களில் உள்ளே இறங்குவதில்லை என்பதை உங்கள் தம்பி தனக்கே ஒரு விதியாக வைத்துக்கொள்ளட்டும். உரிய இடைவெளியை அந்தத் திட்டத்தின் வைத்தியரிடம் எழுத்தில் கேட்டுப் பெறட்டும்.

இன்னொன்று. மலையகத்தில் தோள்வலி, முழங்கால்வலி என்று வெளிநோயாளர் பிரிவுக்கு வருபவரைக் கண்டதும் எங்கள் மனம் வாதத்துக்கும், கொழுந்துக் கூடையின் சுமைக்கும்தான் போகும். அமுக்கிய வளியில் வேலை செய்தவன் என்று அவரே சொல்லாவிட்டால், வலிநிவாரணி கொடுத்து அனுப்பிவிடக்கூடும். உண்மையான சிகிச்சை மீண்டும் அமுக்க அறையில் வைத்து ஒட்சிசன் கொடுப்பதுதான். அதைத் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கேடு.

பதில்: தொழிற்சங்கச் செயற்பாட்டாளர், ஹட்டன்

பொறியியலாளரும் வைத்தியரும் சொன்னவற்றோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு உண்டு. ஆயினும் தங்கையின் முதல் ஐயத்தை அவ்வளவு எளிதாகக் கழித்துவிட முடியாது என்று நினைக்கிறேன். பொருத்தமான மாற்றுக்கும் வசதியான தளர்வுக்கும் உள்ள இடைவெளியைக் காப்பது நடைமுறைதான். ஆகவே அந்த நடைமுறையையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, நிரந்தர அனுமதி கேட்கும் தொழில்தருநர், தான் முன்வைக்கும் மாற்றுவழி, விதியைப் பின்பற்றியிருந்தால் கிடைக்கும் அளவுக்குப் பாதுகாப்பானதும் சுகாதாரமானதுமான வேலையிடத்தைத் தரும் என்பதைச் சான்றுகளின் மேலோங்கிய வலுவால் நிறுவ வேண்டும். நிறுவும் பொறுப்பு அவருடையது. விண்ணப்பித்திருப்பதைத் தொழிலாளருக்கு அறிவிக்க வேண்டும். விசாரணையில் பங்குபற்றும் வாய்ப்பு அவர்களுக்குக் கொடுக்கப்பட வேண்டும். அனுமதி வழங்கி ஆறு மாதங்கள் கழிந்த பின் எந்த நேரத்திலும், அதை மாற்றவோ இரத்துச் செய்யவோ தொழிலாளரே விண்ணப்பிக்கலாம். ஆளோ கருவியோ கிடைக்காததால் குறித்த நாளுக்குள் புதிய விதியைப் பின்பற்ற இயலாதவருக்குக் கொடுக்கப்படும் தற்காலிக அனுமதி வேறு வகையானது. அது கால எல்லைக்குட்பட்டது. அதை இதோடு கலக்கக் கூடாது.

என் உறுத்தல் ஒரு இடத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தைப் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடும் அதே அறிவித்தலில் இடைக்கால ஆணையொன்றையும் வழங்கிவிடும் வழக்கம் ஓஷாவிடம் உண்டு. அதாவது, கருத்துகள் வந்து சேருமுன்பே வேலை தொடங்கிவிடலாம். இயந்திரம் நிலத்தடியில் நின்றுவிட்டால் நாளொன்றுக்கு ஏற்படும் நட்டத்தை நான் அறிவேன். ஆனால் அந்த நாள்களில் உள்ளே இறங்குபவரின் குரல் பதிவாகுமுன்பே தீர்மானத்தின் பாதி நிறைவேறிவிடுகிறது என்பதை ஒரு தொழிற்சங்கவாதியாக என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே அடிப்படையாக இருப்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். நட்டஈட்டுக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தேசிய தொழிற் பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1988ஆம் ஆண்டு 167ஆம் இலக்கச் சமவாயம், தன் 21ஆம் உறுப்புரையில், அமுக்கிய வளியில் வேலை என்பது சட்டத்தால் விதிக்கப்பட்ட ஏற்பாடுகளின்படி மட்டுமே நடைபெற வேண்டும் என்றும், மருத்துவப் பரிசோதனையால் உடற்தகுதி உறுதிசெய்யப்பட்டவரே, தகுதியுள்ள ஒருவரின் நேரடி மேற்பார்வையில் அதைச் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. கொழும்பின் சதுப்பு நிலத்தில் ஆழமான சுரங்கமொன்று வரும் நாளில், இறங்கப்போவது பெரும்பாலும் நம் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். அன்று விலக்கு ஒன்று கேட்கப்பட்டால், விண்ணப்பமும் நிபந்தனைகளும் சிங்களத்திலும் தமிழிலும் வேலையிடத்தின் வாயிலில் ஒட்டப்பட வேண்டும், கருத்துச் சொல்லும் காலம் முடியும் வரை முதல் ஆள் உள்ளே இறங்கக் கூடாது என்ற இரண்டையும் இப்போதிருந்தே நாம் கோர வேண்டும். பாடநெறியில் பயில்பவர்கள் இதைத் தங்கள் ஒப்படைகளில் எழுதினாலே ஒரு தொடக்கமாகும்.

தலவாக்கலை வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மலைக்கு ஏறி வருவதே ஆபத்தாகலாம் என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் தோன்றியிராது. வைத்தியர் ஐயா எழுதியதை அப்படியே தம்பிக்கு அனுப்பிவிட்டேன். முதல் நாள் உள்ளே இறங்குவதற்கு முன் அவன் எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும், எதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: சுரங்கப் பொறியியலாளர், கம்பளை

தம்பி போகும் நாட்டின் சட்டம் வேறு என்பதை நினைவில் வையுங்கள். சிங்கப்பூரில் அமுக்கிய வளியில் வேலை செய்பவர்கள் சட்டப்படி மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். அமுக்கக் குறைப்பு நோய் அங்கே அறிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களில் ஒன்று. ஆகவே பரிசோதனை அறிக்கையின் பிரதியை அவன் கேட்டு வாங்கட்டும். தோள், இடுப்பு, முழங்கால் மூட்டுகளின் படங்கள் வேலைக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தால், பின்னாளில் ஏதாவது வந்தால் வேலையால் வந்தது என்று காட்டுவதற்கு அவையே சாட்சி.

அமெரிக்க விதியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடையாள வில்லையைப் பற்றியது. அமுக்கிய வளியில் வேலை செய்பவர் ஒவ்வொருவரும், பெயர், மருத்துவ அமுக்க அறையின் முகவரி, வைத்தியரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றோடு, காரணம் தெரியாத சுகவீனம் ஏற்பட்டால் இவரை உடனே அந்த அறைக்குக் கொண்டு செல்லவும் என்ற அறிவுறுத்தலும் பொறிக்கப்பட்ட வில்லையை வேலை நேரத்தில் மட்டுமன்றி வெளியிலும் எந்நேரமும் அணிந்திருக்க வேண்டும். வீதியில் மயங்கி விழுபவரைக் குடித்திருக்கிறார் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்ற அனுபவத்தில் பிறந்த ஏற்பாடு அது. தம்பியின் நிறுவனம் அப்படி ஒன்று கொடுக்காவிட்டால், ஓர் அட்டையில் இதே விவரங்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கட்டும். ஊருக்கு வரும்போதும் அது பையில் இருந்தால், வைத்தியர் மேலே சொன்ன வெளிநோயாளர் பிரிவிலும் அதுவே பேசும்.

முதல் இறக்கத்தில் கதவு மூடியதும் காது அடைக்கும். ஓஷா விதியின்படி முதல் நிமிடத்தில் 3 இறாத்தலுக்கு மேல் ஏற்றக் கூடாது. அங்கும், பின்னர் 7 இறாத்தலிலும் நிறுத்தி, யாருக்காவது சிரமம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் நிறுத்தியும் வலி நீங்காவிட்டால், அவர் போதும் என்று சைகை காட்டும் வரை அமுக்கத்தை இறக்க வேண்டும். எந்த நாட்டிலும் நல்ல மேன்லொக் பொறுப்பாளர் இப்படித்தான் செய்வார். மற்றவர்கள் பொறுத்துக்கொள்கிறார்களே என்று வெட்கப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்து செவிப்பறை கிழிந்தவர்களைக் கண்டிருக்கிறேன்; ஆகவே வலித்தால் கையை உயர்த்தத் தயங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தடிமன் பிடித்திருக்கும் நாளில் காது சமப்படாது. அன்று காலையிலேயே அதைச் சொல்லிவிட்டு, வெளியே உள்ள வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.